கைபட்ட இரும்புக்குப் பெயர் உண்டா?

பழைய கார் கண்காட்சி எங்காவது நடந்தால் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் ஒரு சிறு பலகை நிற்கும். எந்த வருடத்து வண்டி, எந்த நிறுவனம், இன்றைய உரிமையாளர் யார் என்று அதில் எழுதியிருக்கும். சிலவற்றில் முதன்முதலாக வாங்கிய ஜமீன்தாரின் பெயர்கூட இருக்கும். எண்பது வருடத் துருவிலிருந்து அந்தத் தகரத்தை மீட்டு, தட்டி நிமிர்த்தி, முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்த டிங்கரின் பெயர் இருக்காது. நான் பார்த்த ஒரு பலகையிலும் இருந்ததில்லை.

எங்கள் காஞ்சிபுரம் பக்கத்துப் பையன்கள் சிலர் இப்போது செல்போனில் 'ஹாட் ராட்' வீடியோக்களை விடாமல் பார்க்கிறார்கள். 1920-களிலும் 1930-களிலும் வந்த ஃபோர்டு காரை எடுத்து, மட்கார்டுகளைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, பெரிய இன்ஜின் ஏற்றி ஓட்டுவார்களே, அதுதான் ஹாட் ராட். சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இதற்கென்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். வேலை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வேலை செய்கிற கைக்கும் வேலைக்குக் கிடைக்கிற பெயருக்கும் நடுவே நம் ஊரில் என்ன நிற்கிறது என்பதை இந்த வண்டியை வைத்துப் பேசலாம்.

முதலில் வரலாறு. ஹாட் ராட் பணக்காரர்களின் பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை 'மாடல் டி' காரை மட்டும் ஒன்றரைக் கோடி செய்து தள்ளியது. அதற்குப் பின் 'மாடல் ஏ' வந்தது. 1932-இல், சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் வி-8 இன்ஜின் வைத்த ஃபோர்டு வந்தது. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய அந்தக் காலத்தில் பழைய ஃபோர்டுகள் காயலான் கடை விலைக்குக் கிடைத்தன. தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். வண்டியின் எடையைக் குறைத்தால் வேகம் கூடும். அதனால் வேண்டாத தகரத்தை எல்லாம் கழற்றி எறிந்தார்கள். முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி, யார் வண்டி வேகம் என்று பார்த்தார்கள். 1937-இல் அந்தப் பந்தயங்களுக்கு நேரம் குறிக்க ஒரு சங்கமே அமைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, பட்டாளத்தில் இயந்திர வேலை கற்றுத் திரும்பியவர்கள் சேர்ந்துகொண்டதும் அது பெரிய அலையானது. 1948 ஜனவரியில் 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே பத்திரிகை வந்தது.

ஏன் அந்தக் காலத்து இரும்பு வண்டிகள்? தொடக்ககாலக் கார்களில் மரச்சட்டம் செய்து அதன்மேல் தகரத்தை அடித்திருப்பார்கள். மரம் உளுத்தால் வண்டி போயிற்று. பிலடெல்பியாவின் எட்வர்ட் பட் என்பவரின் ஆலை, டாட்ஜ் சகோதரர்களின் கார்களுக்கு முழு இரும்பு பாடி செய்து கொடுத்து அந்தப் பழக்கத்தை மாற்றியது. இரும்பு மழையில் கிடந்தாலும் மிஞ்சியது. அதை வெட்டலாம், ஒட்டலாம், தட்டலாம், தவறினால் திரும்பத் தட்டலாம். கையில் சுத்தியலும் மனதில் ஓர் உருவமும் இருப்பவருக்கு அது போதும். இன்று கதை தலைகீழ். 1932 ஃபோர்டின் அசல் இரும்பு பாடி கிடைப்பதே அரிது. ஃபைபர் நகல்கள் வந்துவிட்டன. அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு நிறுவனம் அதே அச்சில் புது இரும்பு பாடிகளையே அடித்து விற்கிறது. இல்லாதவன் குப்பையிலிருந்து செய்ததை இருப்பவன் சேகரிக்கிற பொருளாக்கிவிட்டார்கள்.

அதே கலிபோர்னியாவில் இன்னொரு கதையும் உண்டு. மெக்சிகோ வழிவந்த தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் தங்கள் கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, வண்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மெதுவாக ஊர்வலம் போனார்கள். 'லோரைடர்' என்று பெயர். 1958-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டது. சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது. அடுத்த வருடமே விமான உதிரிபாகத்திலிருந்து ஹைட்ராலிக் பம்பை எடுத்து மாட்டினார்கள். போலீஸைக் கண்டால் வண்டி உயரும். போனபின் தாழும். பிறகு பல நகரங்கள் அப்படி ஊர்வலம் போவதையே தடை செய்தன. 2023-இல் இயற்றி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் இந்தத் தடைகளை மாநிலம் முழுக்க நீக்கியது. அறுபத்தைந்து வருடம்! வண்டியை மாற்றியது யார் என்பதைப் பொறுத்துத்தான் அது கலையா குற்றமா என்பது அங்கேயும் முடிவானது.

இப்போது நம் பக்கம் வருவோம். சென்னைக்கும் இரும்புக்கும் பழைய உறவு. குதிரை வண்டி கட்டிய சிம்சன் நிறுவனத்தின் பட்டறையில் 1903-இல் நீராவிக் கார் ஒன்று உருவானது. செய்தவர் சாமுவேல் ஜான் கிரீன் என்று பதிவு இருக்கிறது. அவரோடு நின்று தகடு வளைத்த, ஆணி அடித்த, கரி அள்ளிப் போட்ட தமிழ்க் கைகள் எத்தனை? அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள்? பதிவு இல்லை. 1926-இல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கிய ஃபோர்டு, சென்னை உட்பட மூன்று துறைமுக நகரங்களில் கார்களைப் பூட்டியது. ஐம்பதுகளில் கடையை மூடியது. தொண்ணூறுகளில் திரும்பி வந்து மறைமலை நகரில் ஆலை போட்டது. அப்போது அது காஞ்சிபுரம் மாவட்டம். 2021 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2022 ஜூலையில் அங்கே கடைசிக் காரைச் செய்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசானும் ராயல் என்ஃபீல்டும் என்று கார், பைக் ஆலைகள் எங்கள் வயல்களை நிறைத்தன. பட்டு ஊர் என்று பெயர் எடுத்த மாவட்டத்தில் இன்று பையன்களின் கையில் நூலைவிட இரும்புதான் அதிகம்.

ஆலைக்குள் ரோபோ கை தகரத்தை ஒட்டுகிறது. ஆலைக்கு வெளியே, அடிபட்டு வருகிற வண்டிக்கு மனிதக் கைதான். வாலாஜாபாத் சாலையில் எனக்குப் பழக்கமான ஒரு டிங்கர் பட்டறை இருக்கிறது. அங்கே வேலை செய்கிற ஒரு தம்பியை அவன் பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்து தெரியும். அவன் அப்பா கூலிக்குத் தறி நெய்தவர். தறி நெசவு சில சாதிகளின் குலத்தொழில் என்று சொல்லப்பட்டாலும், சுற்றுக் கிராமங்களில் காலனிக் குடும்பங்களும் கூலிக்கு நெய்திருக்கின்றன. நெய்த சேலையில் கடையின் பெயர் இருக்கும். 2005-இல் தொடங்கிய புவிசார் குறியீட்டால் ஊரின் பெயரும் காப்பாற்றப்படுகிறது. நெய்தவரின் பெயரை வாங்குகிறவர் கேட்பதில்லை. மகன் தறியை விட்டு இரும்புக்கு வந்தான். பெயர் இல்லாத நிலை மட்டும் கூடவே வந்தது.

அவனிடம் வேலை நுட்பத்தைக் கேட்டால் நேரம் போவது தெரியாது. ஒடுங்கிய தகரத்துக்கு உட்புறம் இரும்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே சுத்தியலால் தட்ட வேண்டும். கட்டையை நேர்கீழே பிடித்தால் ஒரு விளைவு, சற்றே தள்ளிப் பிடித்தால் வேறு விளைவு. அடிபட்ட தகரம் நீண்டுவிடும். நீண்டதைச் சுருக்க, ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கேஸில் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி, ஈரத் துணியால் ஒற்ற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை உள்ளங்கையால் தடவிக் கண்டுபிடிப்பான். பட்டி போட்டு மறைக்கிற வேலை அவனுக்குப் பிடிக்காது. "பட்டி ரெண்டு வருஷத்துல வெடிக்கும்க்கா. தகரத்துலயே கொண்டாந்துடணும்" என்பான்.

ஒருநாள் காயலான் கடையிலிருந்து செத்துப்போன அம்பாசடர் கூடு ஒன்றை வாங்கி வந்து பட்டறைக்குப் பின்னால் போட்டான். ஹாட் ராட் செய்யப் போகிறானாம். வீடியோவில் பார்ப்பதுபோல் கூரையை மூன்று அங்குலம் தாழ்த்துவது சுலபம்தானே என்று கேட்டேன். சிரித்தான்.

"அந்த ஃபோர்டுக்கு அடியில சேஸிஸ் தனியா இருக்குதுக்கா. பாடியத் தூக்கி வெச்சிட்டாலும் வண்டி ஓடும். அம்பாசடர்ல பாடிதான் சேஸிஸ். வெட்டறதுக்கு முன்னாடி உள்ள குறுக்குக் கம்பி வெச்சு ஒட்டி நிறுத்தணும். இல்லன்னா பாடி வாங்கிடும், கதவு மூடாது."

பிறகு விளக்கினான். 1932 ஃபோர்டின் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பவை. வெட்டி இறக்கினால் மேலும் கீழும் ஓரளவு பொருந்தும். அம்பாசடரின் தூண்கள் சாய்ந்தவை. மூன்று அங்குலம் வெட்டினால் மேல்பாதி கீழ்பாதியோடு சேராது. கூரையை நடுவே பிளந்து துண்டு வைத்து நீட்ட வேண்டும். முன்கண்ணாடி வளைந்தது, அதை அறுத்துச் சின்னதாக்கும் வேலை நடக்காது. இதெல்லாம் அவன் எந்தப் பாலிடெக்னிக்கிலும் படித்ததில்லை. நான் முதுகலையில் 'உழைப்பும் அறிவும்' என்று பக்கம் பக்கமாகப் படித்ததை அவன் ஒரு துருப்பிடித்த கூட்டைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நம் சமூகத்தில் வண்டி ஒருபோதும் வெறும் வண்டியாக இருந்ததில்லை. பாபாசாகேப் 1901-இல் சிறுவனாக, தன் தந்தையைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி கோரேகாவுக்குப் போனார். சாதி தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டை வாடகைக்குச் சம்மதித்தார். சிறுவர்களே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார் என்பது நிபந்தனை. 1929-இல் அவர் பாரிஸ்டர். சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். நம் மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவரை அமர்த்தினார்கள். வண்டி பாலத்தில் சிக்கியது. தூக்கி எறியப்பட்ட அவருக்குக் காலில் எலும்பு முறிந்தது. வண்டி ஓட்டும் திறமையை ஒரு சாதி தன் மானமாக வைத்துக்கொண்டபோது, அந்தத் திறமை இல்லாமையின் விலையை இன்னொருவரின் எலும்பு கொடுத்தது.

இது பழங்கதை என்று சொல்ல முடியாது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தத்தை எடுத்துப் படியுங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்றும், திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்றும் பிரிவு 3(1)(za) சொல்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க நாடாளுமன்றம் சட்டம் எழுதாது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வண்டியைச் செப்பனிட நம் கை வேண்டும். அதே கை ஹேண்டில்பாரைப் பிடித்தால் சிலருக்குக் கண் உறுத்துகிறது.

இப்போது சட்டத்தின் இன்னொரு பக்கம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி, மாற்றுகிற உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டி, அசல் வடிவில் இருந்தால், 20,000 ரூபாய் கட்டி 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் வாங்கலாம். சேஸிஸையோ பாடியையோ இன்ஜினையோ பெரிதாக மாற்றியிருந்தால் கிடையாது. அதற்கடுத்த மாதம் பழைய வண்டிகளை உடைக்கும் கொள்கை அறிமுகமானது. சென்னை புதுப்பேட்டையில் தலைமுறைகளாக வண்டி பிரித்துப் பிழைக்கிறவர்களுக்கு அது ஒரு புதிய கவலை.

இந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தப்பாக ஒட்டிய வண்டி நெடுஞ்சாலையில் பிளந்தால் சாகிறவர்களில் முதல் ஆள் ஓரமாகச் சைக்கிளில் போகிற நம் ஆளாகத்தான் இருப்பார். பாதுகாப்பு விதி ஏழைக்கும் அரண்தான். ஆனால் விதியின் நிழலில் வளர்கிற மதிப்பீட்டைப் பாருங்கள். மாறாதது உயர்ந்தது, கைபட்டது தாழ்ந்தது, கலந்தது தீட்டு. பழைய கார் உலகத்தில் 'ஒரிஜினல்' என்ற சொல்லை உச்சரிக்கிற தொனியைக் கேட்டால், நமக்கு வேறு எங்கோ கேட்ட தொனி நினைவுக்கு வரும். உண்மையில், துருவிலிருந்து மீண்ட எந்தக் காரும் பாதிக்குப் பாதி யாரோ ஒரு டிங்கர் புதிதாகச் செய்த தகரம். அவர் பெயரை மறைத்தால்தான் அது ஒரிஜினல்.

மாற்றுகிற எல்லோருக்கும் ஒரே வரவேற்பு கிடைப்பதுமில்லை. மும்பையின் திலீப் சாப்ரியா அம்பாசடரை அடிப்படையாக வைத்து 'ஆம்பியராட்' என்று ஒரு கார் செய்தார். பத்திரிகைகள் அதை வடிவமைப்பு என்று எழுதின. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் தேவராஷ்ட்ரே கிராமத்து இரும்புத் தொழிலாளி ஒருவர், காயலான் பொருட்களை வைத்து ஏறக்குறைய 60,000 ரூபாயில், பைக்போல உதைத்துக் கிளப்புகிற ஒரு சிறிய நாலு சக்கர வண்டி செய்தார். 2021 டிசம்பரில் அது நாடு முழுக்கப் பரவியது. அதிகாரிகள் என்றாவது தடுத்துவிடுவார்கள் என்று சொல்லி, ஆனந்த் மஹிந்திரா அந்த வண்டியைத் தன் நிறுவனச் சேகரிப்புக்கு வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு பொலேரோ கொடுத்தார். நல்ல மனசுதான். இருந்தாலும் கவனியுங்கள். செய்தவருக்குக் கிடைத்தது ஆலையில் வந்த இன்னொரு வண்டி. அவருடைய கைக்கு ஒரு சான்றிதழோ ஒரு பணிமனையோ கிடைத்ததாகச் செய்தி வரவில்லை. அதை 'ஜுகாட்' என்று செல்லமாக அழைத்தார்கள். படித்தவன் செய்தால் வடிவமைப்பு, நம் ஆள் செய்தால் ஒப்பேற்றல்.

இதைச் சொல்லும்போது பட்டறையை ஒரு சொர்க்கமாகக் காட்டிவிடக் கூடாது. பட்டித் தூசு நுரையீரலில் இறங்குகிறது. ஸ்ப்ரே பெயின்டின் ஆவிக்குத் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் பார்த்துவிட்டு இரவு முழுக்கக் கண்ணீர் விடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்கிற பட்டறை என்றால் இஎஸ்ஐ பெரும்பாலும் கிடையாது. தறிக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்த பழக்கம் சில பட்டறைகளிலும் உண்டு. பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2016 திருத்தச் சட்டம் சொன்னபிறகும் "தொழில் கத்துக்கறான்" என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். திறமையைக் கொண்டாடுவதும் உரிமையைக் கேட்பதும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும்.

தம்பியின் அம்பாசடர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கூட்டுக்கு ஆர்சி புத்தகம் இல்லை. கூரையைத் தாழ்த்திவிட்டால் எப்படியும் சாலையில் ஓட்ட முடியாது. இதை அவனிடம் எடுத்துச் சொன்னேன். "ஓட்டறதுக்கு இல்லக்கா, செய்ய முடியும்னு பாக்கறதுக்கு" என்றான். ஒன்பது மாதம் இரவு இரவாக வேலை செய்தான். இன்ஜின் இல்லை, உள்ளே இருக்கை இல்லை. ஆனால் பிளந்து நீட்டிய கூரையில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று நான் உள்ளங்கையால் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று அது பட்டறை வாசலில் நிற்கிறது. கதவில் அவன் பெயரை எழுதியிருக்கிறான். முதலில் பட்டறை உரிமையாளர் தயங்கினார். அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டே ஆட்கள் வேலை கொண்டுவரத் தொடங்கியதும் பேசாமல் விட்டுவிட்டார்.

மாணவர்களுக்கும் இளம் செயல்பாட்டாளர்களுக்கும் சில வேலைகளைச் சொல்கிறேன். உங்கள் தெருவில் பட்டறைக்குப் போகிறவர்களை, ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்போருக்குமான அமைப்புசாரா நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். கைவேலை தெரிந்து படிப்பு இல்லாதவர்களுக்கு, முன் கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் அரசுத் திட்டங்கள் உண்டு. அதற்கு அழைத்துப் போங்கள். சொந்தப் பட்டறை வைக்க நினைப்பவருக்கு, 2023-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைச் சொல்லுங்கள். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், கடன் வட்டியில் 6 விழுக்காடு மானியம். கல்வித் தகுதி கேட்பதில்லை. விண்ணப்பத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். வங்கியில் இழுத்தடித்தால் தனியாக விடாமல் கூடவே போய் நில்லுங்கள்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. அடுத்த பழைய கார் கண்காட்சிக்கு நாலைந்து பேராகப் போங்கள். பளபளக்கிற வண்டியின் உரிமையாளரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "ஐயா, இதுக்கு டிங்கரிங் பண்ணது யாரு?" பெயர் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள், அந்த மனிதரைத் தேடிப் போய்ப் பேசுங்கள், அவர் கற்றதைப் பதிவு செய்யுங்கள். தெரியாது என்று சொன்னால் இன்னொரு முறை கேளுங்கள். பலகையில் ஒரு வரி சேரும் வரை கேளுங்கள்.